ஆர்.சி.ஐ. பதிவு பெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆவது எப்படி?

சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த காலேஜில் சேரலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. எந்தக் குழந்தைகளோடு நான் வேலை செய்யப் போகிறேன்? நான் படிக்கும் படிப்பு முடிந்ததும் என் பெயர் மத்தியப் பதிவேட்டில் ஏறுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டு சேருகிறவர்களுக்குப் பிறகு வரும் எல்லாப் படிகளும் ஓரளவு ஒழுங்காக அமைந்துவிடும். தெரியாமல் சேர்ந்து, இரண்டு வருடமும் கட்டணமும் செலவழித்துவிட்டுக் கையில் ஒரு பயனில்லாத சான்றிதழோடு நிற்பவர்கள் நம் மாநிலத்தில் குறைவில்லை. இந்தக் கட்டுரை முக்கியமாகத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்காக.

பதிவு எண் இல்லாமல் வேலை பார்க்க முடியாதா?

இந்தியாவில் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கான உரிமம் என்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவுதான். எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றே சொல்வார்கள். 1986இல் ஒரு சங்கமாகத் தொடங்கிய இந்த அமைப்புக்கு 1992இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1993 முதல் அது சட்டபூர்வமான அமைப்பு. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், செயற்கைக் கை கால் பொருத்துபவர் என்று மறுவாழ்வுத் துறையில் உள்ள பலரையும் போலவே சிறப்புக் கல்வி ஆசிரியரும் அதன் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டைத்தான் சி.ஆர்.ஆர். என்கிறார்கள்.

சட்டத்தின் 13ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மறுவாழ்வு நிபுணராகத் தொழில் செய்யக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். "பதிவில்லாமலே நிறைய பேர் வேலை பார்க்கிறார்களே" என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள்தான். ஆனால் ஒரு நல்ல பள்ளியோ அரசுத் திட்டமோ ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது சி.ஆர்.ஆர். எண்ணைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. தன் பிள்ளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர் நம் சொல்லை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பயிற்சி இல்லாதவர் கொடுக்கும் தவறான யோசனையால் குழந்தையின் மிக முக்கியமான வருடங்கள் வீணாகும். அந்த வருடங்கள் திரும்பி வராது.

முதல் படி: சேருவதற்கு முன் குழந்தைகளோடு இருந்து பாருங்கள்

விண்ணப்பப் படிவம் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. உங்கள் மாவட்டத்தில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளிக்கோ, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் நடக்கும் பகல் நேரப் பராமரிப்பு மையத்துக்கோ போய் அனுமதி கேளுங்கள். ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. சில வாரங்கள் தன்னார்வலராக உட்கார்ந்திருங்கள். எங்கே முகவரி கிடைக்கும் என்று தெரியவில்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாவட்டத்தில் உள்ள பள்ளிகளின் விவரம் அவர்களிடம் இருக்கும்.

அங்கே என்ன பார்க்க வேண்டும்? பாடத்தைவிடப் பாடம் இல்லாத நேரத்தைப் பாருங்கள். கழிப்பறைக்கு அழைத்துப் போவது, சாப்பாடு ஊட்டக் கற்றுக்கொடுப்பது, ஒரு குழந்தை திடீரென்று கத்தித் தலையைச் சுவரில் மோதும்போது ஆசிரியர் என்ன செய்கிறார், வலிப்பு வந்தால் என்ன செய்கிறார், சாயந்திரம் அம்மாவிடம் என்ன பேசி அனுப்புகிறார். இந்த வேலையின் பெரும்பகுதி அதுதான். இதைப் பார்த்த பிறகும் மறுநாள் போகத் தோன்றினால் துணிந்து முன்னேறலாம். ஒரு குழந்தை சட்டைப் பட்டனைத் தானே போட ஆறு மாதம் ஆகலாம். அந்த ஆறு மாதமும் உங்களுக்குச் சலிக்காது என்றால் நீங்கள் இந்த வேலைக்கு ஏற்றவர்.

இப்படி உட்கார்ந்திருப்பதில் இன்னொரு பலன், எந்தப் பிரிவு என்பது தானாகத் தெளியும். சிறப்புக் கல்விப் படிப்புகள் ஒரே படிப்பு அல்ல, குறைபாட்டு வகைவாரியாகப் பிரிந்திருக்கின்றன. விண்ணப்பத்திலேயே பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சான்றிதழிலும் அந்தப் பிரிவே வரும், வேலை விளம்பரமும் அந்தப் பிரிவைச் சொல்லித்தான் வரும்.

செவித்திறன் குறைபாடு எடுத்தால் காது கேட்கும் கருவி, அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட், கேட்கும் பயிற்சி, பேச்சு வளர்ச்சி, இந்திய சைகை மொழி என்று போகும். குழந்தைக்கு மொழி என்ற ஒன்றையே உருவாக்கித் தருகிற வேலை அது. பார்வைத்திறன் குறைபாடு எடுத்தால் ஆறு புள்ளிகளில் அமைந்த பிரெயிலை விரலால் மட்டும் அல்ல, கண்ணாலும் சரளமாகப் படிக்க வேண்டும். தமிழ் பிரெயில், ஆங்கில பிரெயில், கணிதத்துக்கு டெய்லர் பிரேம் எனும் கணக்குப் பலகை, அபாகஸ், வெள்ளைக்கோலோடு நடக்கும் பயிற்சி, திரை வாசிப்பு மென்பொருள் எல்லாம் வரும். கணக்கு, அறிவியல் பட்டதாரிகள் இந்தப் பிரிவுக்கு வந்தால் நல்லது. பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஆளில்லை என்றே அவர்களை வரலாறு, இலக்கியம் பக்கம் தள்ளிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அறிவுசார் குறைபாடு என்ற பிரிவில்தான் அதிகம் பேர் படிக்கிறார்கள், இடங்களும் அதிகம். அன்றாட வாழ்க்கைத் திறன்கள், பணத்தைக் கையாளுதல், பேருந்தில் தனியாகப் போதல், பெரிய பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி என்று இதன் பாடம் வாழ்க்கையைச் சுற்றி அமைந்தது. ஆட்டிசம் தனிப் பிரிவாகவும் இருக்கிறது. கற்றல் குறைபாடு பிரிவு, சாதாரணப் பள்ளியில் படிக்கும், வாசிக்கவும் எழுதவும் மட்டும் திணறும் பிள்ளைகளுக்கானது. நகரத்துத் தனியார் பள்ளிகளில் இவர்களைத்தான் அதிகம் தேடுகிறார்கள். மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு, கேட்கவும் பார்க்கவும் முடியாத இருபுலக் குறைபாடு ஆகியவை உடலுழைப்பும் பொறுமையும் மிக அதிகம் கேட்பவை. இவற்றில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு.

"எதில் வேலை சீக்கிரம் கிடைக்கும்?" என்று மட்டும் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் கருத்து. உங்கள் ஊரில் எந்தக் குழந்தைகளுக்கு ஆசிரியர் இல்லை என்று விசாரியுங்கள். பெரும்பாலும் வேலையும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாம் படி: உங்கள் நிலைக்கு ஏற்ற படிப்பு

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டி.எட். சிறப்புக் கல்வி. இரண்டு வருடம். பிளஸ் டூவில் குறைந்தது 50 சதவீத மதிப்பெண் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விதிப்படி தளர்வு உண்டு. எந்தக் குரூப் எடுத்துப் படித்திருந்தாலும் சேரலாம். இந்தப் படிப்புக்குத் தனித்தனிக் கல்லூரியாக விண்ணப்பிப்பதைவிட, ஆர்.சி.ஐ. ஏற்பாட்டில் இந்திய அளவில் நடக்கும் ஆன்லைன் சேர்க்கையைக் கவனிக்க வேண்டும். பிளஸ் டூ முடிவுகள் வந்ததையொட்டிய மாதங்களில் ஆர்.சி.ஐ. தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். டிப்ளமோ தேர்வுகளை நடத்துவது தேசிய மறுவாழ்வுத் தேர்வு வாரியம்.

டிப்ளமோ என்றால் பட்டத்தைவிட மட்டம் என்ற நினைப்பு வேண்டாம். சின்னக் குழந்தைகளோடு கையால் செய்யும் வேலையை டிப்ளமோ நன்றாகவே கற்றுக்கொடுக்கிறது. ஆரம்ப வகுப்புகளுக்கான பணியிடங்களுக்கு இதுதான் அடிப்படைத் தகுதி. டிப்ளமோ முடித்து வேலை பார்த்துக்கொண்டே ஒரு பட்டம் படித்து, பிறகு பி.எட். சிறப்புக் கல்விக்கு வருகிறவர்கள் வகுப்பில் எப்போதும் மற்றவர்களைவிட முன்னால் நிற்பார்கள்.

பட்டதாரிகளுக்கு பி.எட். சிறப்புக் கல்வி. பட்டப்படிப்பில் 50 சதவீதம் அடிப்படைத் தகுதி. முன்பு ஒரு வருடமாக இருந்த இந்தப் படிப்பு 2015 முதல் இரண்டு வருடம் ஆனது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு ஆசிரியர் கல்வி முழுவதையும் நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பாக மாற்றும் முயற்சி நடக்கிறது, சிறப்புக் கல்வியும் அதில் அடக்கம். அதனால் அக்காவோ அண்ணனோ சில வருடங்களுக்கு முன் படித்த வழியை அப்படியே நம்பிப் போகாதீர்கள். நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு எந்த வடிவில் அனுமதி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பி.எட்.டில் உங்கள் பட்டப் பாடத்தைச் சார்ந்த கற்பித்தல் முறைத் தாள்களும் உண்டு. ஆகவே தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்ற பள்ளிப் பாடங்களில் பட்டம் பெற்றவர்களுக்குப் பின்னாளில் அரசுத் தேர்வுகளில் சிக்கல் இருக்காது. பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற பட்டம் உள்ளவர்கள் சேரும் முன்பே, எந்தப் பாடம் ஒதுக்குவார்கள், அதை வைத்து எந்தப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே சாதாரண பி.எட். முடித்து ஆசிரியராக இருப்பவர்கள், "ஒரு சின்ன சர்ட்டிபிகேட் கோர்ஸ் போதுமா?" என்று கேட்கிறார்கள். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளையைப் புரிந்துகொள்ள அது போதும், நல்லதும்கூட. சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பதிவு பெற வேண்டுமென்றால் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த டி.எட்., பி.எட். போன்ற படிப்பை முடித்தே ஆக வேண்டும். வேலையை விட முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் பி.எட். சிறப்புக் கல்வி நடத்துகிறது, இரண்டரை வருடம். தொலைநிலை என்றவுடன் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நேர்முக வகுப்புகளும் செய்முறைகளும் கட்டாயம். பள்ளிப் பயிற்சிக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

சிறப்புக் குழந்தையின் பெற்றோராக இருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களில் அம்மாக்கள்தான் அதிகம். தெரபி மையத்தின் வாசலில் வருடக்கணக்காகக் காத்திருந்து கற்றுக்கொண்டது அவர்களுக்கு மிகப் பெரிய பலம். ஒரே ஒரு எச்சரிக்கை: தன் பிள்ளைக்குப் பலன் தந்தது எல்லாப் பிள்ளைக்கும் பலன் தரும் என்ற எண்ணத்தைப் படிக்கும்போதே விட்டுவிட வேண்டும். தன் பிள்ளையின் பிரிவைவிட வேறு பிரிவு எடுத்துப் படித்த அம்மாக்கள் நல்ல ஆசிரியர்களாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எம்.எட். சிறப்புக் கல்வி இன்னும் இரண்டு வருடம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பிக்கவோ ஆராய்ச்சிக்கோ போக விரும்புகிறவர்களுக்கு அது தேவை. பள்ளியில் வேலை பார்க்க அவசியமில்லை.

மூன்றாம் படி: கல்லூரியைச் சரிபார்ப்பது

இந்த ஒரு படியில் சோம்பல் காட்டாதீர்கள். கல்லூரியின் விளம்பரத்தில் "மத்திய அரசு அங்கீகாரம்" என்று இருப்பது எதையும் நிரூபிக்காது. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. அதில் நான்கு விஷயங்களைப் பொருத்திப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர், படிப்பின் பெயர், குறைபாட்டுப் பிரிவு, அனுமதி எந்தக் கல்வியாண்டு வரை என்பது. பல இடங்களில் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்மையாகவே இருக்கும், ஆனால் அறிவுசார் குறைபாடு பிரிவுக்கு மட்டும் இருக்கும், உங்களை ஆட்டிசம் பிரிவில் சேர்த்திருப்பார்கள். அல்லது அனுமதிக் காலம் முடிந்து புதுப்பித்தல் நிலுவையில் இருக்கும். பட்டியல் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எட். என்றால் கூடுதலாக, பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. கோவையில் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகமும், பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்தின் மாற்றுத்திறன் மேலாண்மை மற்றும் சிறப்புக் கல்வித் துறையும் நீண்ட காலமாக இந்தப் பயிற்சியைத் தருகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நிப்மெட் எனும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் மத்திய அரசுடையது. ஒரே வளாகத்தில் எல்லாத் தெரபிகளும் நடப்பதால் மாணவர்கள் பார்க்கக் கிடைப்பது அதிகம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் போன்ற தொண்டு நிறுவனங்களும் பயிற்சி நடத்துகின்றன. இந்தப் பெயர்களையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளாமல், மேலே சொன்ன நான்கையும் பொருத்திப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

நேரில் போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "செய்முறைக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்?" கல்லூரியோடு சேர்ந்து ஒரு சிறப்புப் பள்ளி இயங்கினால் மிகவும் நல்லது. பதில் மழுப்பலாக வந்தால், அல்லது "வராவிட்டாலும் பரவாயில்லை, அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால், அட்மிஷன் போடாமல் கிளம்பிவிடுங்கள்.

மூன்று மாத ஆன்லைன் வகுப்பு, ஷேடோ டீச்சர் (வகுப்பில் ஒரு குழந்தையின் கூடவே இருந்து உதவுபவர்) பயிற்சி, மாண்டிசோரியோடு இணைத்த சிறப்புக் கல்வி டிப்ளமோ என்று பல விளம்பரங்கள் வரும். சிலவற்றில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கற்றுக்கொள்ள விஷயமும் இருக்கும். ஆனால் ஆர்.சி.ஐ. பட்டியலில் இல்லாத படிப்புக்குப் பதிவு எண் கிடைக்காது, எவ்வளவு கட்டணம் கட்டினாலும்.

நான்காம் படி: படிக்கும் காலம்

பி.எட்.டில் பொதுக் கல்வியியல், பாடக் கற்பித்தல், எல்லாக் குறைபாடுகளையும் பற்றிய அறிமுகம், உங்கள் சிறப்புப் பிரிவு, ஆசிரியரின் சொந்தத் திறன் வளர்ச்சி, களப்பணி என்று பல பகுதிகள் உண்டு. எழுத்துத் தேர்வை எப்படியாவது படித்து முடித்துவிடலாம். உங்களை ஆசிரியர் ஆக்குவது செய்முறைப் பதிவேடுகள்தான். முந்தைய செட்டின் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து எழுதும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரு குழந்தையை நீங்களே உட்காரவைத்து மதிப்பீடு செய்யாமல் வெளியே வந்தால், முதல் வேலையின் முதல் வாரத்திலேயே கை நடுங்கும்.

மதிப்பீட்டுக் கருவிகளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் பரவலாகப் பயன்படுவதில் ஒன்று நம் சென்னையிலேயே பிறந்தது. ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டத்தில் 18 திறன் பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள் எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். குழந்தை எதுவரை செய்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அடுத்துச் சொல்லித்தர வேண்டியது எது என்பது கண்ணுக்குத் தெரியும். செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் உருவாக்கிய எஃப்.ஏ.சி.பி. என்ற கருவியையும் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன.

மதிப்பீட்டிலிருந்து வருவது ஐ.ஈ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம். இந்தத் தொழிலின் உயிர் அதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். புதிதாக எழுதுகிறவர்கள், "குமார் கணக்கில் முன்னேறுவான்" என்று குறிக்கோள் எழுதுவார்கள். இதை வைத்து யாராலும் எதையும் சொல்லித்தர முடியாது, முன்னேறினானா என்று அளக்கவும் முடியாது. "பத்து ரூபாய், இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டுகளை முன்னால் வைத்து, கேட்கும் நோட்டை எடுக்கச் சொன்னால், பத்து முறையில் எட்டு முறை, உதவியில்லாமல் சரியாக எடுப்பான், மூன்று மாதத்துக்குள்" என்று எழுதினால் அது குறிக்கோள். யார், எந்தச் சூழலில், என்ன செய்வான், எத்தனை முறை சரியாகச் செய்தால் போதும், எப்போதுக்குள். இந்த ஐந்தும் இருக்க வேண்டும். பிறகு அந்தச் செயலைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, முதலில் கைபிடித்து, அப்புறம் சைகை காட்டி, அப்புறம் சொல்லி மட்டும் என்று உதவியைக் குறைத்துக்கொண்டே போவது. கல்லூரியில் நான்கு ஐ.ஈ.பி. கேட்டால் நீங்கள் பத்து எழுதிப் பழகுங்கள். பெற்றோரை உட்காரவைத்து, வீட்டில் எது தேவை என்று கேட்டு எழுதுங்கள். நோட்டு அடையாளம் காண்பதைவிட, ராத்திரி தனியாகத் தூங்குவது அந்த வீட்டுக்கு முக்கியமாக இருக்கலாம்.

இன்னொரு எல்லையையும் படிக்கும்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மதிப்பிடுவது கல்விக்காக. ஆட்டிசமா, கற்றல் குறைபாடா என்று பெயர் வைத்துச் சான்று தருவது உங்கள் வேலை இல்லை. அதற்கு மருத்துவரும், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரும் இருக்கிறார்கள். பெற்றோர் எவ்வளவு வற்புறுத்திக் கேட்டாலும் அவர்களிடம் அனுப்பிவையுங்கள்.

ஐந்தாம் படி: பதிவு

தேர்வு முடிவும் சான்றிதழும் வந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். எல்லாம் ஆர்.சி.ஐ. தளத்தில் ஆன்லைனில்தான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம், சிறப்புக் கல்விப் படிப்பின் எல்லா மதிப்பெண் பட்டியல்கள், சான்றிதழ், ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பெயரும் இனிஷியலும் எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தமிழ்நாட்டுப் பெயர்களில் இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், விரிவாக ஓரிடத்தில் என்று இருக்கும். திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் மட்டும் பெயர் மாறியிருக்கும். விண்ணப்பம் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். படிப்பின் முதல் வருடத்திலேயே சரிசெய்துவிட்டால் கடைசியில் அலைய வேண்டாம்.

பதிவு இந்தியா முழுவதும் செல்லும். வெளிநாட்டில் அதுவே உரிமம் ஆகாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் தருகிறது. அங்கே போக நினைப்பவர்கள் போகும் மாநிலத்தின் விதியைப் பார்த்து, மதிப்பெண் பட்டியல்களோடு பாடத்திட்டத்தின் பிரதியையும் கல்லூரியில் முத்திரையிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தகுதித் தேர்வும் வேலையும்

அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்குப் பதிவு எண் மட்டும் போதாது, தகுதித் தேர்வும் வேண்டும். மாநிலத்தில் டெட், மத்திய அளவில் சி.பி.எஸ்.இ. நடத்தும் சிடெட். சிறப்புக் கல்வியில் டி.எட்., பி.எட். படித்தவர்கள் இவற்றை எழுதலாம். கேந்திரிய வித்யாலயா, டெல்லி அரசுப் பள்ளிகள் போன்றவற்றின் சிறப்புக் கல்வி ஆசிரியர் பணியிடங்களுக்கு சிடெட்டும் ஆர்.சி.ஐ. பதிவும் சேர்த்துக் கேட்கிறார்கள். இந்தித் தாளைப் பார்த்துப் பயந்து நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். சிடெட்டில் மொழித் தாளாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழக அறிவிப்புகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: "சிறப்பாசிரியர்" என்று வருவது பெரும்பாலும் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆசிரியர்களுக்கான அறிவிப்பு. உங்களுக்கானது "சிறப்புப் பயிற்றுநர்" அல்லது "சிறப்புக் கல்வி ஆசிரியர்" என்று வரும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்தை மையமாக வைத்துப் பல பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருகிறார்கள், மருத்துவ முகாம் நடத்துகிறார்கள், பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு ஆவணங்கள் தயார் செய்ய உதவுகிறார்கள். அருமையான அனுபவம். ஆனால் இது தொகுப்பூதிய வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. மலையேறி, பஸ் மாறி, ஒரு குழந்தையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தருகிறவருக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்ற கவலை இருக்கக் கூடாது.

சட்டத்தின் பக்கம் நிலைமை மெல்ல மாறுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் எத்தனை சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் என்ற விகிதத்தை வகுக்கச் சொன்னதையடுத்து, மத்திய அரசு 2022 செப்டம்பரில் தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அடுத்த நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று அறிவித்தது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை அறிவித்து, தகுதியுள்ளவர்களைக் கொண்டு நிரப்பும்படி மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பணியிடங்கள் வரும்போது பதிவும் டெட்டும் கையில் இருப்பவர்களே விண்ணப்பிக்க முடியும். டெட் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.

சி.பி.எஸ்.இ. தன் இணைப்புப் பள்ளிகள் சிறப்புக் கல்வி ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. தனியார் பள்ளி வேலைக்குப் போகும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் பேசிக்கொள்ளுங்கள்: சிறப்புக் குழந்தைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும் வள அறை இருக்கிறதா, ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் உங்களை அனுப்புவார்களா? ஆய்வின்போது காட்டுவதற்காக மட்டும் ஆள் எடுக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே சேர்ந்தால் கற்றதும் மறந்துபோகும். முதல் வேலை மட்டுமாவது, உங்களுக்கு மேலே அனுபவமுள்ள ஒருவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சிறப்புப் பள்ளியில் கிடைக்கும் முதல் இரண்டு வருட அனுபவம் பின்னால் எந்தப் பள்ளியிலும் உங்களுக்குத் தைரியம் கொடுக்கும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பள்ளிகள், ஆரம்ப நிலைத் தலையீட்டு மையங்கள், 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் ஆகியவற்றின் அறிவிப்புகளை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

பதிவைப் புதுப்பித்தல்

சி.ஆர்.ஆர். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான். அதற்குள் ஆர்.சி.ஐ. அனுமதித்த பயிலரங்குகள், கருத்தரங்குகளில் கலந்துகொண்டு சி.ஆர்.இ. எனப்படும் தொடர் மறுவாழ்வுக் கல்விப் புள்ளிகள் சேர்த்தால்தான் புதுப்பிக்க முடியும். ஐந்தாவது வருடத்தில் புள்ளிகளுக்காக ஓடுவதைவிட, வருடத்துக்கு ஒரு நல்ல பயிலரங்காவது உங்கள் வேலைக்கு உண்மையிலேயே தேவையான தலைப்பில் போய் வாருங்கள். நிகழ்ச்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன், அதற்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா, எத்தனை புள்ளிகள் என்று கேளுங்கள். சான்றிதழ்களை ஒரே ஃபைலில் போட்டு, ஸ்கேன் செய்தும் வையுங்கள்.

இடையில் இன்னொரு பிரிவில் டிப்ளமோவோ, எம்.எட்.டோ முடித்தால், கூடுதல் தகுதியாக அதே பதிவில் சேர்க்கச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முகவரி, போன் நம்பர், மின்னஞ்சல் மாறினாலும் தளத்தில் மாற்றிவிடுங்கள். கல்லூரியில் யாரோ உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோய், கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் புதுப்பித்தல் தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. பதிவு செய்யும் நாளிலேயே உங்கள் சொந்த மின்னஞ்சலையும், நீங்கள் மாற்றப்போகாத எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.